எந்த ‘யெஸ்’? லண்டன் டீமுடன் பேசும் ஒருவரின் ஆங்கிலச் சந்தேகங்கள்

கேள்வி: நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். இப்போது வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் லண்டன் டீமுடன் தினமும் மெயிலும் காலும் இருக்கிறது. எழுத வருகிறது, பேசவும் வருகிறது. ஆனால் சில நேரம் நான் சொல்வது ஒன்று, அவர்கள் எடுத்துக்கொள்வது ஒன்று. போன வாரம் “டிடின்ட் யூ கெட் த ஃபைல்?” என்று கேட்டார்கள். வரவில்லை என்ற அர்த்தத்தில் “யெஸ்” என்றேன். வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ‘ப்ளீஸ்’ போட்டு எழுதினாலும் கட்டளை போடுவது மாதிரி இருக்கிறது என்கிறார் மேனேஜர். “ஹீ ஒன்லி டோல்ட் மீ”, “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்”, “ஐ ஹேவ் எ டவுட்” இதெல்லாம் தப்பா? ‘எத்தனையாவது’ என்று ஆங்கிலத்தில் எப்படித்தான் கேட்பது?

பதில்:

தமிழ் மீடியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலிஷ் மீடியத்தில் படித்தவர்களும் நீங்கள் எழுதியிருக்கும் இதே வாக்கியங்களைத்தான் சொல்கிறார்கள். வார்த்தைகள் ஆங்கிலம், அவற்றை ஓட்டும் இலக்கணம் தமிழ். அவ்வளவுதான் விஷயம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் சரியா தப்பா என்று பார்ப்பதைவிட, கேட்பவருக்கு விஷயமே மாறிப்போகிறதா, தொனி மட்டும் மாறுகிறதா, இல்லை வெறுமனே நம் ஊர் வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். முதல் வகையை உடனே திருத்த வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மூன்றாவதைப் பற்றி ரொம்பக் கவலைப்படத் தேவையில்லை.

உங்கள் ‘யெஸ்’ முதல் வகை. வேலையையே கெடுத்துவிடும்.

தமிழில் “ஃபைல் வரலையா?” என்று கேட்டால் “ஆமா, வரல” என்போம். “இல்ல, வரல” என்றும் சொல்வோம். இரண்டும் நமக்கு இயல்புதான். “ஆமா” என்னும்போது கேட்டவர் நினைப்பது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். ஆங்கில ‘யெஸ்’ கேட்டவரோடு ஒத்துப்போவது இல்லை. அது அடுத்து நீங்கள் சொல்லப்போகும் வாக்கியத்தோடு ஒத்துப்போவது. அந்த வாக்கியத்தில் ‘நாட்’ வருமானால் முன்னால் ‘நோ’தான் வரும். “நோ, ஐ டிடின்ட்.” வராவிட்டால் ‘யெஸ்’. “யெஸ், ஐ டிட்.” கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பது கணக்கிலேயே இல்லை. “டிட் யூ கெட் இட்?” என்றாலும் “டிடின்ட் யூ கெட் இட்?” என்றாலும் பதில் ஒன்றே. ஜப்பானியர்களும் கொரியர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் மொழியிலும் ‘ஆமாம்’ கேட்டவரோடுதான் ஒத்துப்போகும்.

விதி புரிந்தாலும் கால் நடக்கும் வேகத்தில் நாக்கு பழைய வழியில்தான் போகும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: எதிர்மறையாகக் கேட்கும் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். “ஐ ஹேவின்ட் காட் இட் யெட்.” “இட்ஸ் ஹியர், தேங்க்ஸ்.” இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. நீங்கள் கேட்கும்போதும் எதிர்மறையாகக் கேட்காதீர்கள். சென்னையில் இருக்கும் உங்கள் டீம் ஆளிடம் ஆங்கிலத்தில் “ஹேவின்ட் யூ டெஸ்டெட் இட்?” என்று கேட்டு, அவர் “யெஸ்” என்றால், அது எந்த ‘யெஸ்’ என்று உங்களுக்கே தெரியாது.

இதற்கு ஒரு உறவுக்காரன் உண்டு: “வுட் யூ மைன்ட்”. “வுட் யூ மைன்ட் மூவிங் த கால் டு ஃபோர்?” என்று கேட்டால், நேர் அர்த்தம் ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா’ என்பது. சம்மதம் என்றால் ‘நோ’ சொல்ல வேண்டும். “நோ, தட்ஸ் ஃபைன்.” ஆங்கிலேயர்களே “யா, ஷ்யூர்” என்று சொல்வதும் உண்டு, குரலை வைத்து எல்லோரும் புரிந்துகொள்வார்கள். வெறும் “யெஸ்” என்று மொட்டையாக நிறுத்தினால்தான் சங்கடம்.

அடுத்து “ஹீ ஒன்லி டோல்ட் மீ”. இதுவும் முதல் வகைதான். ஆனால் தப்பு நடந்தது யாருக்கும் தெரியாது, அதனால் இன்னும் மோசம். நீங்கள் சொல்ல வந்தது “அவர்தான் சொன்னார்”. நம் ‘தான்’ எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதைத் தூக்கிக் காட்டும். அந்த வேலையை ‘ஒன்லி’யிடம் கொடுக்கிறோம். ஆங்கிலக் காதுக்கு ‘ஒன்லி’ என்பது ‘மட்டும்’. வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்த்து, ‘அவர் வெறுமனே சொல்லத்தான் சொன்னார், வேறு ஒன்றும் செய்யவில்லை’ என்றோ ‘என்னிடம் மட்டும்தான் சொன்னார்’ என்றோ எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள் என்பதால் யாரும் மறுபடி கேட்கவும் மாட்டார்கள். ஒரு பிரச்சினை பற்றிய மீட்டிங்கில் “டேவிட் ஒன்லி அப்ரூவ்ட் இட்” என்று சொல்லிப் பாருங்கள். டேவிட்தான் அனுமதி கொடுத்தார் என்பது உங்கள் அர்த்தம். டேவிட் அனுமதி கொடுத்ததோடு சரி, வேறு எதிலும் சம்பந்தமில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டால் பேச்சே திசை மாறிவிடும்.

‘தான்’ போட வேண்டிய இடத்தில் ஆங்கிலேயர்கள் பேச்சில் பெரும்பாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். ‘டேவிட்’டை அழுத்தி “டேவிட் அப்ரூவ்ட் இட்” என்றாலே போதும். எழுத்தில் அழுத்த முடியாது என்பதால் வாக்கியத்தைப் பிரிப்பார்கள்: “இட் வாஸ் டேவிட் ஹூ அப்ரூவ்ட் இட்”, “டேவிட்ஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ”. “இங்கேதான் இருக்கேன்” என்பதற்கு “ஐ ஆம் ஹியர் ஒன்லி” வேண்டாம், “ஐம் ரைட் ஹியர்”. “இன்னைக்குத்தான் கிடைச்சது” என்பதற்கு மட்டும் ‘ஒன்லி’ பொருந்தும். அதுவும் வினைக்கு முன்னால்: “ஐ ஒன்லி காட் இட் டுடே.”

நம் ஏகாரத்துக்கும் இதே கதைதான். “நேத்தே அனுப்பிட்டேன்” என்பது “யெஸ்டர்டே இட்செல்ஃப் ஐ ஸென்ட்” ஆகிவிடுகிறது. அர்த்தம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஏகாரத்தில் ‘நீங்கள்தான் பார்க்கவில்லை’ என்ற லேசான குறையும் இருக்கிறதல்லவா? மெயிலில் அது வேண்டாம். “ஐ ஸென்ட் இட் யெஸ்டர்டே, பட் ஹியர் இட் இஸ் அகெய்ன்” என்று எழுதி ஃபைலை மறுபடி இணைத்துவிடுங்கள். அவர்கள் ஆபீஸில் இப்படித்தான் செய்வார்கள்.

‘சின்ஸ் டூ இயர்ஸ்’ விஷயத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று சின்னது. ‘சின்ஸ்’ ஒரு தொடக்கப் புள்ளியைக் கேட்கும்: “சின்ஸ் 2023”, “சின்ஸ் மண்டே”. கால அளவுக்கு ‘ஃபார்’: “ஃபார் டூ இயர்ஸ்”. ‘லிருந்து’ வந்தால் சின்ஸ், ‘வருஷமா’, ‘மாசமா’ என்று வந்தால் ஃபார் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் தப்பினாலும் யாருக்கும் அர்த்தம் மாறாது.

மற்றது வினை. “ரெண்டு வருஷமா வேலை செய்றேன்” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இப்படித்தான், அதனால் அவர்களும் இதே தப்பைச் செய்வார்கள். அன்று தொடங்கி இன்றும் ஓடுவதற்கு ஆங்கிலம் தனி வடிவம் வைத்திருக்கிறது: “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்”. இதை விட்டு “ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் வேலையை விட்டாயிற்று என்று அர்த்தம். “ஐம் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்” என்றால் இரண்டு வருடத்துக்கு என்று அனுப்பியிருக்கிறார்கள், அது முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அர்த்தம்.

இந்தக் கடைசி வித்தியாசம் ஆன்சைட் போகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். லண்டனில் இறங்கியதும் ஏர்போர்ட்டிலிருந்து ஆபீஸ் லிஃப்ட் வரை எல்லோரும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?” என்றால் வந்து எவ்வளவு நாளாச்சு. “ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?” என்றால் எவ்வளவு நாள் இருப்பீர்கள். முதலாவது பின்னால் பார்க்கிறது, இரண்டாவது முன்னால் பார்க்கிறது. வந்து இரண்டு வாரமானவர், ஆறு மாதம் இருக்கப்போகிறவர், இரண்டாவது கேள்விக்கு “டூ வீக்ஸ்” என்று பதில் சொன்னால், அவருக்கு ஆறு மாத வேலை திட்டமிட வந்தவர் முழிப்பார். கேள்வியின் நடுவில் ‘பீன்’ கேட்கிறதா, கடைசியில் ‘ஃபார்’ கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டியது “ஐ ஹேவ் ஸென்ட் இட் யெஸ்டர்டே”. “நேத்து அனுப்பியிருக்கேன்” தமிழில் நன்றாகவே நிற்கும். ஆங்கிலத்தில் ‘நேற்று’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ நிற்காது. “ஐ ஸென்ட் இட் யெஸ்டர்டே” அல்லது நேரம் சொல்லாமல் “ஐ ஹேவ் ஸென்ட் இட்”. அர்த்தம் மாறாது, ஆனால் காதில் உறுத்தும்.

இப்போது உங்கள் மேனேஜர் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களிடம் மரியாதை இல்லை என்பது காரணமில்லை. உங்கள் மரியாதை வழியில் தொலைந்துபோகிறது. “அனுப்புங்க” என்று சொல்லும்போது மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. அதற்கு மேல் “கொஞ்சம் அனுப்புங்க”, “முடிஞ்சா அனுப்புங்க” என்று இன்னும் மென்மையாக்குவோம். ஆங்கில வினையில் ‘ங்க’ கிடையாது. குழந்தைக்கும் ‘ஸென்ட்’தான், கம்பெனி முதலாளிக்கும் ‘ஸென்ட்’தான். அதனால் “அனுப்புங்க” என்று மனதில் நினைத்து “ஸென்ட்” என்று எழுதினால் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது “அனுப்பு”. அது நமக்கும் எங்கோ இடிப்பதால்தான் ‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’, ‘சார்’ என்று அடுக்குகிறோம்.

ஆங்கிலம் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக்கும், நிகழ்காலத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும்: ‘கேன்’ இருந்த இடத்தில் ‘குட்’, ‘வில்’ இருந்த இடத்தில் ‘வுட்’. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்” என்பது அதன் உச்சம். மறுக்க அவருக்கு இடம் விடுவதுதான் அங்கே மரியாதை. அதற்காக எங்கும் இப்படிச் சுற்றி வளைக்கக் கூடாது. கேட்பவருக்கு நன்மை தரும் விஷயத்தில் நேரடியாகச் சொல்வதுதான் மரியாதை: “கம் இன்”, “ஹேவ் எ ஸீட்”, “டேக் யுவர் டைம்”. “வுட் யூ மைன்ட் ஹேவிங் சம் டீ?” என்று விருந்தாளியிடம் கேட்டால் வினோதமாக இருக்கும். அவருக்கு வேலை வைக்கிற விஷயமானால் கேள்வியாகக் கேளுங்கள்.

ஒரு மெயிலை எடுத்துப் பார்க்கலாம். நம் ஆபீஸ்களில் சாதாரணமாக எழுதுவது: “டியர் சார், கைண்ட்லி ஸென்ட் த அப்டேட்டட் ஷீட் டுடே இட்செல்ஃப் அண்ட் டூ த நீட்ஃபுல்.” லண்டனுக்கு இப்படி எழுதலாம்: “ஹை டேவிட், குட் யூ ஸென்ட் மீ த அப்டேட்டட் ஷீட் பை த எண்ட் ஆஃப் த டே? வீ நீட் இட் ஃபார் த ரிலீஸ் டுமாரோ மார்னிங்.” ‘சார்’ போய்விட்டது, அங்கே ஆபீஸில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘கைண்ட்லி’ போய்விட்டது. இன்றைய பிரிட்டிஷ் காதுக்கு அது பணிவாகக் கேட்பதில்லை, நோட்டீஸ் போர்டில் கடுப்போடு எழுதி ஒட்டியது மாதிரி கேட்கும். முக்கியமாக, ஏன் வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. காரணம் சொல்லிக் கேட்டால் ‘ப்ளீஸ்’ இல்லாவிட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

“டூ த நீட்ஃபுல்” பற்றி ஒரு வார்த்தை. இதை இந்தியக் கண்டுபிடிப்பு என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே கடிதங்களில் தாராளமாக எழுதியது அது. நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்கள் விட்டுவிட்டார்கள், நம் அலுவலகங்கள் விடவில்லை. இருந்தாலும் அதில் ஒரு நிஜக் குறை இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை.

போனில் இன்னொன்று. அழைப்பு வந்ததும் “சொல்லுங்க” என்போம், அன்பான வார்த்தை. “டெல் மீ” என்று சொன்னால் விசாரணை அதிகாரி கேட்பது மாதிரி இருக்கும். “ஹை, கோ அஹெட்” என்றால் போதும்.

‘டவுட்’டில் தொனி கெடும். ஆங்கிலத்தில் அது நம்பிக்கைக் குறைவு. “ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்” என்றால் உங்கள் டிசைன் தேறுமா என்று தோன்றவில்லை என்று பொருள். உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேட்க வேண்டுமானால் “ஐ ஹேவ் எ க்வெஸ்சன்” அல்லது “கேன் ஐ செக் சம்திங்?”. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் பேசுகிறவர்களும் அவர்கள் மொழியின் பழக்கத்தால் நம்மைப் போலவே ‘டவுட்’ என்பார்கள், எனவே பிரேசில் டீமோடு பேசும்போது இந்தக் கவலை வேண்டாம்.

‘ரிவர்ட்’டை உங்கள் துறையில் கண்டிப்பாக விடுங்கள். பதில் போடுங்கள் என்ற பொருளில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியாவில் எல்லோருக்கும் புரியும். ஆனால் சாஃப்ட்வேரில் ‘ரிவர்ட்’ என்றால் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது. “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச் பை டுமாரோ” என்று எழுதி, காலையில் வந்து பார்த்தால் நீங்கள் எழுதிய புரோகிராம் கோடு காணாமல் போயிருக்கலாம். “ப்ளீஸ் லெட் மீ நோ வாட் யூ திங்க்” என்று எழுதுங்கள்.

‘ப்ரீபோன்’ (முன்கூட்டியே வைத்துக்கொள்வது) அழகான சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. இந்தியாவுக்குள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதற்கு பதிலாக லண்டனுக்கு “மூவ் ஃபார்வர்ட்” என்று எழுதுவதுதான் ஆபத்து. புதன்கிழமை மீட்டிங் ‘டூ டேஸ் ஃபார்வர்ட்’ தள்ளப்பட்டது என்றால் திங்களா வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களே இரண்டாகப் பிரிவார்கள். மொழி ஆய்வாளர்கள் இதையே சோதனைக் கேள்வியாக வைத்திருக்கிறார்கள். எதற்கு வம்பு, “கேன் வீ மீட் ஆன் மண்டே இன்ஸ்டெட் ஆஃப் வெட்னஸ்டே?” என்று கிழமையைச் சொல்லிவிடுங்கள். ‘டுடே மார்னிங்’, ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘கசின் பிரதர்’ எல்லாம் வெறும் ஊர் வாசனை. ‘திஸ் மார்னிங்’, அபவுட் இல்லாத ‘டிஸ்கஸ்’, வெறும் ‘கசின்’ என்று போகப் போகப் பழகிவிடும்.

நீங்களே சரிபார்க்க இரண்டு வழிகள். கற்பவர்களுக்கென்று தயாரித்த அகராதியைப் பாருங்கள், பொது அகராதி போதாது. ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது இப்படி ஒன்றைத் தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் வந்ததை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபடி வெளியிட்டது, அதன் வாரிசான ‘ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ இன்று இணையத்தில் இலவசம். ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்று அது காட்டும். “எக்ஸ்ப்ளெய்ன் மீ” வராது, “எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ” என்பது அங்கே பார்த்த உடனே தெரியும். ஒரு சொற்றொடர் நம் ஊருக்கு மட்டும் உரியதா என்று அறிய ‘க்ளோப்’ (GloWbE) என்று கூப்பிடும் இணையத் தொகுப்பு இருக்கிறது. இந்தியா, இலங்கை உட்பட 20 நாடுகளின் வலைப்பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடி சொற்கள். சொற்றொடரைக் கொடுத்தால் எந்த நாட்டில் எவ்வளவு வழங்குகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். “டூ த நீட்ஃபுல்” போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ‘எத்தனையாவது’. இதற்கு ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லை. “ஹவ் மெனியத்” என்று வேடிக்கையாகச் சொல்வார்களே தவிர எழுத மாட்டார்கள். பதில் மட்டும் இருக்கிறது, கேள்வி இல்லை: கலாம் ‘த லெவன்த் பிரசிடென்ட்’. அதனால் இந்தச் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, இந்த இடத்தில் ஆங்கிலேயர் என்ன கேட்பார் என்று தேட வேண்டும். இடத்துக்கு இடம் அது மாறும். கலாம் எத்தனையாவது என்பதற்குப் பேச்சில் “வாட் நம்பர் பிரசிடென்ட் வாஸ் கலாம்?” ஓடும். “நீங்க வீட்ல எத்தனையாவது பிள்ளை?” என்று நாம் கேட்கும் இடத்தில் அவர்கள் பெரும்பாலும் “ஆர் யூ த எல்டஸ்ட்?” என்று ஊகித்துக் கேட்பார்கள், அல்லது “வேர் டூ யூ கம் இன் த ஃபேமிலி?”. எத்தனையாவது கல்யாண நாள் என்பதற்கு “ஹவ் லாங் ஹேவ் யூ பீன் மேரீட்?”. சென்னைக்கு எத்தனையாவது தடவை வருகிறீர்கள் என்பதற்கு “இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம் இன் சென்னை?”, அல்லது “ஹவ் மெனி டைம்ஸ் ஹேவ் யூ பீன் ஹியர்?”. எத்தனையாவது மாடி என்பதற்கு வெறும் “விச் ஃப்ளோர்?”. அங்கே மட்டும் கவனம், லண்டனில் நம் ஊர் மாதிரியே தரைத்தளத்துக்கு மேல் இருப்பதுதான் முதல் மாடி, நியூயார்க்கில் தரைத்தளமே முதல் மாடி. உங்கள் டிக்கெட் வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்று சப்போர்ட் டீமிடம் கேட்க வேண்டுமானால், “வேர் ஆம் ஐ இன் த க்யூ?”